ஆணி அடிக்காமலேயே இடம் பிடிக்கலாம்

4க்கு 6 அடி பாத்ரூம், வாடகை வீடு, சுவத்துல துளை போட்டா ஓனர் சண்டைக்கு வர்றார், டிரம்மும் ரெண்டு பக்கெட்டும் வெச்சா நிக்க இடமில்லைன்னு எழுதியிருந்தீங்க. இதே கூத்துல ஆறு வருஷம் இருந்தவன் நான்.

முதல்ல தரையைக் காலி பண்ணுங்க. டிரம்மை மூலைக்குத் தள்ளி, பக்கெட்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு, டிரம் மூடி மேலயே கவிழ்த்துடுங்க.

ரப்பர் கப் அமுக்கி ஒட்டுற ஸ்டாண்ட் மட்டும் வாங்காதீங்க. போர் தண்ணி உப்பு படிஞ்ச டைல்ஸ்ல அது நிக்காது. எங்க வீட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு ஷாம்பூ பாட்டிலோட தடால்னு விழுந்து, திருடன்னு நினைச்சு அம்மா கத்திட்டாங்க. பசை ஹூக் வாங்குங்க. ஒட்டுற இடத்தை வினிகர் தொட்டுத் துடைச்சு, கழுவி, நல்லா காயவிடுங்க. டைல்ஸ் இடுக்கு மேல படாம ஒட்டி, ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாதீங்க. அந்தப் பொறுமை இல்லாமதான் பாதிப் பேருக்குப் பிய்ஞ்சு வருது.

4 அடி அகலப் பக்கத்துல, தலைக்கு மேல ஒரு ஸ்பிரிங் கம்பி மாட்டுங்க; துளை போடாம, ரெண்டு சுவத்துக்கும் நடுவுல அதுவே இறுக்கிப் பிடிச்சு நிக்கும். துண்டு, உள்ளாடை தாங்கும். ஈர ஜீன்ஸ் போட்டா சறுக்கிடும்.

சோப்புத்தூள் மூட்டை எல்லாம் அங்க எதுக்கு? வெளியே வைங்க. கீசர் மேலயும் எதையும் அடுக்காதீங்க.

கதவு உள்பக்கமா திறக்குதா, வெளிப்பக்கமா? சொன்னா கதவுல மாட்டுற ஸ்டாண்ட் சரிவருமான்னு பார்க்கலாம்.