நெல்லுக்குப் பூ எங்கே? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நெல் பூத்திருக்கிறது என்கிறார்கள். பூவை நான் பார்த்ததே இல்லை. எங்கே இருக்கிறது?
– ஆத்தூர் வாசகர்

பார்த்திருப்பீர்கள், பூ என்று தெரிந்திருக்காது. கதிரில் உள்ள ஒவ்வொரு பச்சை நெல்லும் ஒரு பூவைப் பொத்தி வைத்திருக்கிறது. பிறகு அரிசி ஆலையில் உமி என்று கழிகிறதே, அதுதான் இந்தப் பூவின் கதவு. பெரிய கதவு லெம்மா, சின்னது பேலியா. மல்லிகைக்கு இருப்பது போன்ற இதழ் கிடையாது. இதழின் மிச்சமாக உள்ளே இரண்டு துளிச் செதில்கள் உண்டு, லாடிக்யூல் என்பார்கள். காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் அவை தண்ணீரை இழுத்து உப்பும். அந்த உப்பலில் உமி இரண்டும் விலகும். ஆறு மகரந்தப்பைகள் மெல்லிய நூலில் வெளியே சரியும். இரண்டு சூலகமுடிகள் கோழியிறகுத் துணுக்குபோல எட்டிப் பார்க்கும். ஒரு மணி நேரம் போனால் செதில் வாடிவிடும், கதவு சாத்திக்கொள்ளும், மகரந்தப்பைகள் மட்டும் வெளியே மாட்டிக்கொண்டு தொங்கும். வரப்பில் நின்று நாம் பூ என்று காட்டுவது அந்த மிச்சத்தைத்தான்!

பூக்கும் நாட்களில் மருந்து தெளிப்பதை மாலைக்குத் தள்ளிவிடுங்கள். கதவு திறக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலும் பதர் கூடும். சேலத்து வெயிலை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: அருகம்புல் பூக்குமா?
– அம்மாபேட்டை வாசகி

நன்றாகவே பூக்கும். நாலைந்து விரல் விரித்ததுபோல நுனியில் நிற்கிறதே, அதுதான் பூங்கொத்து. நாம் கொழுந்தைக் கிள்ளிப் பிள்ளையாருக்கு வைத்துவிடுவதால் பூவைக் கவனிப்பதில்லை.

கேள்வி: மக்காச்சோளக் கதிரை உரித்தால் இடையிடையே பொக்கைப் பல்லாக இருக்கிறது. விதை மட்டமா?
– தலைவாசல் விவசாயி

விதையைத் திட்டுவதற்கு முன் அந்த நாரைப் பாருங்கள். கதிரில் தொங்கும் ஒவ்வொரு நாரும் ஒரு பெண்பூவின் சூலகத்தண்டு. ஒரு நாருக்கு ஒரு மணி. செடியின் உச்சியில் உள்ள ஆண் குஞ்சத்திலிருந்து மகரந்தம் வந்து ஒட்டாத நாரின் அடியில் மணி பிடிக்காது. பூக்கும் வாரத்தில் தண்ணீர் குறைந்தால் நார் வெளிவரத் தாமதமாகும்; அதற்குள் குஞ்சம் உதிர்த்து முடித்திருக்கும். அந்த ஒரு வாரம் மட்டும் பாய்ச்சலைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் புல்மேட்டில் நடந்து வந்தால் பேண்ட் முழுக்க ஊசியாகக் குத்துகிறது. என்ன அது?
– அஸ்தம்பட்டி வாசகர்

ஊசிப்புல். சேர்வராயன் கோயில் மேட்டிலிருந்து மாணவர்களோடு இறங்கினால் பஸ் வரும்வரை சாக்ஸில் ஊசி பிடுங்குவதுதான் எங்கள் வேலை. அதில் ஒன்றைத் தூக்கிப் போடாமல் ஈர உள்ளங்கையில் வையுங்கள். முறுக்கிய கறுப்பு வால் மெல்ல முறுக்கவிழ்ந்து, கடிகார முள்போல நகரும். காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அந்த வாலும் லெம்மாவின் நீட்டம்தான். நெல்லில் சில ரகங்களுக்கு இருக்கும் மீசைக்கு உறவுக்காரன். பனியும் வெயிலும் மாறி மாறித் திருக, கூரான அடிமுனை விதையோடு மண்ணுக்குள் இறங்குகிறது. ஆட்டு ரோமத்தில் ஏறினால் தோலுக்குள்ளும் இறங்கும்.

தினைக்கதிரின் முள்மயிரையும் இதே மீசை என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. அது பூ வைக்காமல் நின்றுபோன சிறு கிளை.

கேள்வி: கோரையும் புல்தானே? புல்லுக்கு அடிக்கும் களைக்கொல்லி ஏன் வேலை செய்யவில்லை?
– ஓமலூர் விவசாயி

சொந்தம்தான், ஆனால் வேறு குடும்பம். தண்டை விரலிடையில் உருட்டுங்கள்; மூன்று முனை தட்டும். புல் தண்டு உருண்டையாக, கணுவோடு இருக்கும். பூவிலும் வித்தியாசம் உண்டு: கோரையில் இரட்டைக் கதவு கிடையாது, ஒரு பூவுக்கு ஒரே செதில். புல்லை மட்டும் கொல்லும் மருந்து இதைத் தொடாது. மேலே வெட்டினாலும் கிழங்கிலிருந்து திரும்ப வரும். கோரைக்கென்றே உள்ள மருந்தைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கிழங்கோடு கிளறி வெயிலில் காயவிடுங்கள்.