கடைசி நாளில் நிறைவேறும் சட்டங்கள்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா. சட்டமன்றத்தில் அறிமுகமாகும் சட்ட முன்வடிவுகளைப் படியுங்கள் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். கூட்டத்தொடரின் கடைசி நாளில் வரிசையாக எடுத்து, குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றிவிடுகிறார்கள். கை தூக்குகிறவர்களே படித்திருப்பார்களா என்பது சந்தேகம். நிறைவேறினாலும் ஆளுநர் மாளிகையில் வருடக்கணக்கில் கிடக்கிறது. இதில் நான் படித்து என்ன ஆகப்போகிறது? கோபத்தில் கேட்கவில்லை, அலுப்பில் கேட்கிறேன்.

எஸ்., அரியலூர்

அன்புள்ள எஸ்.,

அலுப்பு நியாயமானதுதான். ஆனால் இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். ஆளுநர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதைப் பற்றி ஊரே பேசித் தீர்த்துவிட்டது. 2023 நவம்பரில் அன்றைய ஆளுநர் ஆர்.என். ரவி திருப்பி அனுப்பிய பத்து முன்வடிவுகளை நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் போட்டு அவை மீண்டும் நிறைவேற்றியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ளலாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒப்புதலுக்குக் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாக நீதிமன்றமே கருதிக்கொள்வதும் முடியாது என்று கருத்துச் சொன்னது. இந்தச் சண்டையில் நீங்களும் நானும் வெறும் பார்வையாளர்கள். நமக்கு வேலை இருப்பது அதற்கு முன்னால், முன்வடிவு அறிமுகமாகி நிறைவேறுவதற்கு இடைப்பட்ட அந்தச் சில நாட்களில்.

உதாரணத்துக்கு 2023 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்க்கும் முன்வடிவு ஏப்ரல் 12 அன்று அறிமுகமானது. 21ஆம் தேதி, கூட்டத்தொடரின் கடைசி நாளில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. திமுக கூட்டணியில் இருந்த இடதுசாரிகளும் விசிகவும் வெளிநடப்பு செய்தார்கள். பத்திரிகைகளில் அது '12 மணி நேர வேலைச் சட்டம்' ஆனது. அமைச்சர்கள் சொன்ன விளக்கம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விரும்புகிறவர்கள் நான்கு நாளில் அதை முடித்துவிட்டு மூன்று நாள் விடுப்பு எடுக்கலாம் என்பது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இப்போது முன்வடிவைப் பாருங்கள். மொத்தமே சில வரிகள். எந்தத் தொழிற்சாலைக்கும், எந்த வகைத் தொழிற்சாலைக்கும், வேலை நேரம் பற்றிய பிரிவுகளிலிருந்து அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம் என்கிறது. எந்தெந்தப் பிரிவுகள்? 51 அதில் இருக்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அந்தச் சட்டத்தில் சொன்னதே அந்த 51தான். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்று சொன்ன 54 இருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தரவேண்டும் என்ற 59கூட இருக்கிறது. மாறாது என்று மைக்கில் சொல்லப்பட்ட வரம்பையே நீக்கிவைக்கும் அதிகாரம் தாளில் கேட்கப்பட்டிருந்தது. அமைச்சரின் பேச்சு அவைக் குறிப்பில் பத்திரமாக இருக்கும், ஆனால் தொழிற்சாலை ஆய்வாளர் அதை வைத்து எந்த முதலாளி மீதும் வழக்குப் போட முடியாது.

தொழிற்சங்கங்கள் இதைப் படித்தன. அன்று ஆட்சியில் இருந்த திமுகவின் சொந்தத் தொழிற்சங்கமான தொமுசவே எதிர்த்தது. மே 12 வேலைநிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 24 அன்று பேச்சுவார்த்தை முடிந்ததும் முன்வடிவை நிறுத்திவைப்பதாக அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அவையில் நிறைவேறிய ஒன்று பத்து நாளில் கவிழ்ந்தது, அதுவும் ஆளுநர் கை வைக்காமலேயே. 'படித்து என்ன ஆகப்போகிறது' என்று கேட்டீர்களே, இதுதான் ஆனது.

சரி, இதை வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. அதே ஏப்ரல் 21 அன்று, அதே அவையில், விவாதமில்லாமல் இன்னொன்றும் நிறைவேறியது: சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் ஒன்றின் இடத்துக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் வந்தால், அவற்றையும் சேர்த்து ஒரே நிலமாக ஒப்படைக்க வழி செய்வது. பூவுலகின் நண்பர்கள் போன்ற சூழலியல் அமைப்புகள் எதிர்த்தன. விவசாயிகள் எதிர்த்தார்கள். ஆனால் வேலைநிறுத்தம் என்று மிரட்ட ஏரிக்குச் சங்கம் கிடையாதே! அது ஆளுநரின் ஒப்புதலைப் பெற்று சட்டமாகிவிட்டது. அரியலூர்க்காரர் நீங்கள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு நடுவே இருக்கிறீர்கள். இரண்டில் எது உங்கள் வீட்டுக்குப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, என் புகார் எம்.எல்.ஏக்கள் படிப்பதில்லை என்பது அல்ல. படிக்க நேரம் கொடுக்காத ஏற்பாடுதான் புகார். துறைகளின் செலவுக்கான மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வாரக்கணக்கில் நாள் ஒதுக்குவோம், சட்டத்துக்கு மட்டும் கடைசி நாளின் கடைசி மணி நேரம். முன்வடிவை ஆராய எம்.எல்.ஏக்கள் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு அனுப்பலாம் என்று விதி இருக்கிறது, அனுப்புவதுதான் அபூர்வம். கேரளத்தில் 1980 முதல் துறைவாரியான பொருட்குழுக்கள் இருக்கின்றன. அறிமுகமான முன்வடிவு அங்கே போய்விட்டுத்தான் வழக்கமாக அவைக்குத் திரும்பி வரும். எதிர்க்கட்சிக்காரரும் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாகத் திருத்தம் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. அங்கேயும் அவசர அவசரமாக நிறைவேற்றுவது உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவசரப்படுகிறார்கள் என்பதாவது வெளியே தெரியும். நம் கட்சிகள் எதுவும், ஆட்சியில் இருக்கும்போது சரி, எதிரில் இருக்கும்போது சரி, இதைத் தேர்தல் வாக்குறுதியாகக்கூட யோசிப்பதில்லை.

அப்புறம், எப்படிப் படிப்பது? முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், தூக்கம் வரும். கடைசியில் 'நோக்கக் காரண விளக்கவுரை' என்று ஒன்று இருக்கும். யார் கேட்டதால் இந்தச் சட்டம் வருகிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும். 65ஏ விஷயத்தில் தொழில் நிறுவனங்களின் அமைப்புகள் கேட்டுக்கொண்டன என்று அதிலேயே எழுதியிருந்தது. பிறகு 'அரசு அறிவிக்கை மூலம்', 'விலக்கு அளிக்கலாம்', 'வகுத்துரைக்கப்படலாகும்' போன்ற சொற்கள் வரும் இடங்களைத் தேடுங்கள். அவைக்குத் திரும்ப வராமலே அரசு என்னென்ன செய்துகொள்ள முடியும் என்பது அங்கே இருக்கும். முன்வடிவுகள் சட்டமன்ற இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. அடுத்த கூட்டத்தொடரில் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். உங்கள் தொகுதி எம்.எல்.ஏவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பதிவுத் தபாலில்.