மராத்தி கஜல், சுரேஷ் பட் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, சுரேஷ் பட் யாரு?

பதில்: மராத்திக் கவிஞர், மராத்தில கஜல்னு சொன்னாலே முதல்ல வாய்ல வர்ற பேரு தம்பி. 1932ல மகாராஷ்டிராவுல இருக்கிற அமராவதில பொறந்தாரு, 2003ல நாக்பூர்ல காலமானாரு. குழந்தையா இருக்கும்போதே போலியோ வந்து வலது கால் போச்சு, இத ஞாபகம் வெச்சுக்கோ.

கேள்வி: கஜல்னா காதல் சோகப் பாட்டுதானே சார்?

பதில்: இல்லங்க, அது ஒரு வடிவம். ரெண்டு ரெண்டு வரியா வரும், ஒவ்வொரு ஜோடியும் ஒரு ஷேர், ஒவ்வொண்ணும் தனியா நிக்கணும். முதல் ஷேர்ல ரெண்டு வரியும், அப்புறம் ஒவ்வொரு ஷேர்லயும் ரெண்டாவது வரியும் ஒரே மாதிரி முடியும், நம்ம இயைபுத் தொடை மாதிரி. அவரோட ஒரு கஜல்ல முதல் வரி 'உலட்டூன் ராத் கேலீ'னு முடியும், அடுத்தது 'ஹரவூன் ராத் கேலீ'. மாறாம வர்ற 'ராத் கேலீ', அதாவது இரவு போச்சு, அதுதான் ரதீஃப், முன்னாடி ஓசை ஒத்து வர்ற உலட்டூன், ஹரவூன் ரெண்டும் காஃபியா.

கேள்வி: உருதுல இருந்து வந்ததுதானே, இவர் என்ன புதுசா செஞ்சாரு?

பதில்: இவருக்கு முன்னாடியே மாதவ் ஜூலியன்னு ஒரு கவிஞர் மராத்தில எழுதிட்டாரு, ஆனா சாதாரண ஜனங்க வாய்ல உக்கார வெச்சது பட்தான். அதவிட எனக்குப் பெருசா படறது என்னன்னா, தொழில் ரகசியம்னு எதையும் பூட்டி வெக்கல, 'கஜலேச்சீ பாராகடி'னு ஒரு சின்ன கையேடு எழுதி புதுசா எழுத வர்றவங்களுக்கு இலக்கணத்த சொல்லிக் குடுத்தாரு. பாராகடின்னா நம்ம அரிச்சுவடிங்க!

கேள்வி: உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு?

பதில்: 'ரங்க் மாஜா வேகளா', 1974ல வந்த தொகுப்புக்கும் இதே பேருதான். எல்லா நிறத்துலயும் கலந்தும் என் நிறம் வேற, எல்லா சிக்கல்லயும் மாட்டியும் என் கால் மட்டும் கட்டில்லாம இருக்குன்னு ஆரம்பிக்கும். போலியோ வந்த கால வெச்சுக்கிட்டு ஒருத்தர் இத எழுதியிருக்காருன்னு நெனச்சா எனக்கு இன்னிக்கும் தொண்ட அடைக்குது. அதுலயே இன்னொரு ஷேர்ல நிழலோட அனல் கூட என்னைச் சுடுதுன்னு சொல்வாரு. இதுல ரதீஃபே இல்ல, வேகளா, மோகளான்னு காஃபியா மட்டும்தான், அப்படியும் எழுதலாம்.

கேள்வி: மராத்தி தெரியாதே, எங்க ஆரம்பிக்க?

பதில்: காதால ஆரம்பிங்க. ஹிருதயநாத் மங்கேஷ்கர் இசைல ஆஷா போஸ்லே பாடின 'தருண் ஆஹே ராத்ர அஜூனி' கேளுங்க. அப்புறம் 1979ல வந்த சிம்ஹாசன்கிற மராத்திப் படத்துல 'உஷக்கால் ஹோதா ஹோதா', விடியப்போற நேரத்துல திரும்ப கும்மிருட்டு ஆயிடுச்சுன்னு வரும், இது கஜல் இல்ல, பாட்டு. அதுல 'பேட்டவா மஷாலீ'னு வர்ற இடத்த கவனிங்க, தீப்பந்தத்த கொளுத்துங்கன்னு அர்த்தம்.