பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்

கேள்வி: சென்ற இதழில், 'நான் நேரில் பார்த்த ஆட்டக்காரர்களிலேயே மிகப் பெரியவர் பேரி சாண்டர்ஸ்' என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அமெரிக்கக் கால்பந்தே எனக்குப் புரியாது. அதில் 'ரன்னிங் பேக்' என்பவருக்கு என்னதான் வேலை?
— ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவதுதான் வேலை. ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பந்தை இவர் கையில் கொடுப்பார். எதிரே பதினொரு பேர். முன்வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கு நூற்று முப்பது கிலோ இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து திறக்கும், உடனே மூடிவிடும். அதற்குள் புகுந்துவிட வேண்டும். எத்தனை கெஜம் முன்னேறினார் என்பதுதான் கணக்கு. ஓர் ஓட்டத்துக்கு நான்கு கெஜம் கிடைத்தாலே நல்ல ஓட்டம். கபடியில் ரெய்டு போகிறவர் தன் பக்கம் திரும்பி வந்தால் போதும். இவர் திரும்பவே கூடாது, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி.

கேள்வி: பேரி சாண்டர்ஸை எங்கே பார்த்தீர்கள்? அப்படி என்ன விசேஷம் அவரிடம்?
— ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: 1996-லிருந்து மூன்று வருடம் டெட்ராய்ட் பக்கத்தில் ஃபார்மிங்டன் ஹில்ஸில் வேலை பார்த்தேன். அங்கே நன்றி நவிலும் நாள் என்றால் வான்கோழி விருந்தும் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ஆட்டமும்தான். 1934-இல் தொடங்கிய வழக்கம் அது. 1997 நவம்பர் 27 அன்று அலுவலக நண்பரின் மைத்துனருக்குக் காய்ச்சல், அதனால் ஒரு டிக்கெட் மிச்சம். 'வா, ஒரு தடவை பார்' என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

பான்டியாக் ஊரில் சில்வர்டோம் என்ற மைதானம். எண்பதாயிரம் பேர் உட்கார இடம் இருந்தது. மேலே துணிக் கூரை. உள்ளே காற்றை அழுத்தி வைத்து அதைத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். வெளிக்கதவைத் திறந்தால் அந்தக் காற்றே நம்மை முதுகில் பிடித்துத் தள்ளும்.

அன்று சிகாகோ பேர்ஸுடன் ஆட்டம். எனக்கு விதிமுறை அரைகுறையாகத்தான் தெரியும். இருந்தாலும் லயன்ஸின் 20-ஆம் எண் சட்டை, அதாவது சாண்டர்ஸ், பந்தை வாங்கியதும் மொத்த மைதானமும் எழுந்து நிற்பது தெரிந்தது. ஐந்தடி எட்டங்குல உயரம்தான். தொடை மட்டும் மரத்தண்டு மாதிரி. பந்தை வாங்குகிறார், இரண்டடி வைக்கிறார், அப்படியே நின்றுவிடுகிறார். ஓடுகிற மனிதன் அப்படி நிற்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. பிடிக்க வந்தவர் வேகத்தை அடக்க முடியாமல் அவரைத் தாண்டிப் போய் விழுகிறார். இடது காலை ஊன்றி வலப்பக்கம் ஒரு வெட்டு, அடுத்தவர் கைக்கு வெறும் காற்று. அப்புறம் எதிரே வெறும் தரை மட்டும்தான்.

அன்று 19 ஓட்டத்தில் 167 கெஜம், மூன்று டச்டவுன். லயன்ஸ் 55–20 என்று வென்றது. எரிக் டிக்கர்சனைத் தாண்டி, வரலாற்றிலேயே அதிக கெஜம் ஓடியவர்களில் இரண்டாம் இடத்துக்கு அவர் வந்ததும் அன்றைக்குத்தான்.

ஆனால் என் மனதில் நின்றது வேறு. மற்றவர்கள் டச்டவுன் போட்டால் பந்தைத் தரையில் அடிப்பார்கள், ஆடுவார்கள். இவர் மூன்று முறையும் கோட்டைத் தாண்டியதும் பக்கத்தில் நின்ற நடுவரிடம் போய்ப் பந்தைக் கையில் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி திரும்பி நடந்தார். கடையில் சாமான் வாங்கிவிட்டுச் சில்லறையைக் கொடுப்பது போல. பக்கத்து இருக்கைப் பெரியவர் என் தோளைத் தட்டி, 'எப்போதும் இப்படித்தான்' என்றார்.

கேள்வி: வரலாற்றிலேயே அதிக கெஜம் ஓடிய சாதனைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு, சாண்டர்ஸ் 1999-இல் ஏன் விளையாட்டை விட வேண்டும்? எனக்கு இது புரியவே இல்லை. அடிபட்டதா? சம்பளத் தகராறா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உடம்பில் குறை எதுவும் இல்லை. 1997-இல் முதல் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 53 கெஜம்தான் ஓடினார். 'முடிந்தது கதை' என்று எழுதினார்கள். அடுத்த 14 ஆட்டத்தில் ஒன்றில்கூட நூறுக்குக் குறையவில்லை. மொத்தம் 2,053 கெஜம். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை பிரெட் ஃபார்வுடன் பகிர்ந்துகொண்டார். அடுத்த வருடமும் 1,491 கெஜம். ஆடிய பத்துப் பருவத்திலும் ஆயிரத்துக்குக் கீழே போனதே இல்லை.

1999 ஜூலை 27. மறுநாள் பயிற்சி முகாம். கான்சஸ் மாநிலத்தில் சொந்த ஊரான விசிட்டாவின் நாளிதழுக்கு அவரிடமிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. விளையாட வேண்டும் என்ற ஆசையைவிட விலக வேண்டும் என்ற ஆசை பெரிதாகிவிட்டது என்பதுதான் அதன் சாரம். பேட்டி இல்லை, கண்ணீர் இல்லை. ஆள் லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். வயது 31. கணக்கில் 15,269 கெஜம். அன்றைய சாதனையான வால்டர் பேட்டனின் 16,726-க்கு இன்னும் 1,457 கெஜம்தான் பாக்கி. அவர் ஓடுகிற ஓட்டத்துக்கு ஒரே பருவம் போதும்.

எங்கள் அலுவலகத்தில் அன்று வேலையே நடக்கவில்லை. சிலருக்குக் கோபம், துரோகம் என்றே பேசினார்கள். அணி நிர்வாகமும் ஒப்பந்தத்தின்போது கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டு வழக்காடியது.

பின்னாளில் சுயசரிதையில் அவரே காரணம் சொன்னார்: அணி தோற்றுக்கொண்டே இருந்தது, நல்ல ஆட்டக்காரர்களை வெளியே விட்டுக்கொண்டே இருந்தது. பத்து வருடத்தில் நாக்-அவுட் சுற்றில் வென்றது ஒரே ஓர் ஆட்டம், 1992 ஜனவரியில் டல்லாஸுக்கு எதிராக. அவர் ஆடிய கடைசிப் பருவத்தில் 5 வெற்றி, 11 தோல்வி.

இன்னொன்றையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். இது என் எண்ணம் மட்டுமே. 1997 டிசம்பர் 21, அவர் 2,000 கெஜத்தைத் தாண்டிய அதே ஆட்டத்தை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய அணியைச் சேர்ந்த ரெஜி பிரவுன் மோதி விழுந்தார். எழவில்லை. மூச்சு நின்று, மைதானத்திலேயே உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. கழுத்துத் தண்டுவடத்தில் அடி. பிழைத்தார், ஆனால் அதன்பின் ஆடவே இல்லை. ஆறு வருடம் முன்பு மைக் அட்லி என்ற சக ஆட்டக்காரர் இதேபோல் விழுந்து, மார்புக்குக் கீழே செயலிழந்து போயிருந்தார். இரண்டையும் அருகில் நின்று பார்த்தவருக்கு 1,457 என்ற எண் எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்?

அதோடு, எண்களை அவர் என்றுமே துரத்தியவர் இல்லை. 1989, முதல் பருவத்தின் கடைசி ஆட்டம். இன்னும் பத்தே கெஜம் ஓடினால் கான்சஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒகோயேவை எட்டிப்பிடிக்கலாம், லீக்கில் முதலிடம். பயிற்சியாளர் வேய்ன் ஃபான்டஸ் 'உள்ளே போகிறாயா?' என்று கேட்டார். ஆட்டம் கையில் இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று பெஞ்சிலேயே இருந்துவிட்டார். 1,470-க்கு 1,480 என்று இரண்டாம் இடம். இருபத்தொரு வயதில் அப்படிச் செய்தவர் முப்பத்தொரு வயதில் செய்ததைப் பார்த்து நான் ஏன் ஆச்சரியப்பட வேண்டும்?

பேட்டனின் சாதனையை 2002-இல் எம்மிட் ஸ்மித் தாண்டினார். 18,355-இல் நிறுத்தினார். அதற்கு 15 பருவம் ஆனது.

கேள்வி: ரன்னிங் பேக்குகள் முப்பது வயதுக்குள் காணாமல் போய்விடுகிறார்களே, ஏன்?
— கல்லூரி மாணவர் ஒருவர், சேலம்

பதில்: ஒவ்வொரு ஓட்டமும் ஒரு மோதலில்தான் முடியும். சாண்டர்ஸ் 3,062 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அத்தனை விபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டி, கணுக்கால், தோள் எது முதலில் போகும் என்பதுதான் கேள்வி. டென்வரின் டெரல் டேவிஸ் 1998-இல் 2,008 கெஜம் ஓடினார். அடுத்த பருவத்தின் நான்காவது ஆட்டத்தில் முட்டி போனது. அந்தப் பழைய டேவிஸ் திரும்ப வரவே இல்லை. அணிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் இவர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் தரத் தயங்குகிறார்கள்.

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். என் மகனுக்குப் பதினைந்து வயது. பள்ளி அணியில் ரன்னிங் பேக்காக ஆசை. குள்ளம் என்று மாற்று ஆட்டக்காரனாகவே உட்கார வைக்கிறார்கள். வருத்தப்படுகிறான்.
— ஒரு தாய்

பதில்: அம்மா, சாண்டர்ஸும் உயரம் குறைவு என்று ஒதுக்கப்பட்டவர்தான். பள்ளிக் கடைசி வருடம் வரை முதன்மை ரன்னிங் பேக் ஆகவில்லை. உதவித்தொகை தர முன்வந்த கல்லூரிகளும் மிகச் சிலவே. ஓக்லஹோமா ஸ்டேட்டிலும் முதல் இரண்டு வருடம் தர்மன் தாமஸுக்கு மாற்றாகத்தான் இருந்தார். மூன்றாம் வருடம், 1988-இல், 11 ஆட்டத்தில் 2,628 கெஜம் ஓடி, கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். மகனிடம் இதைச் சொல்லுங்கள். அதோடு, தலையில் அடிபட்டால் ஒளிக்காமல் அன்றைக்கே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை, எவ்வளவு பெரிய ஆட்டமாக இருந்தாலும் களத்தில் இறங்க விடாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் எத்தனை கெஜம் ஓடினான் என்று எனக்கு எழுதுங்கள்.