கொலைகாரனை மன்னிச்சிட்டு அந்தப் பொண்ண ஏன் திட்றீங்க?

'பேரி' சீரியல் பத்தி நிறைய கேள்வி வந்து குவிஞ்சிருக்கு, அதனால இந்த வாரம் பூரா அதேதான். கதை முழுசும் வெளிய வந்துடும், பாக்காதவங்க கோவிச்சுக்காம அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க.

காமெடின்னு சொல்லி என் மருமகன் போட்டுக் காட்டினாரு. ஆரம்பமே பொணம். இதுல எங்க சார் காமெடி?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

மாமனார உக்கார வச்சு இதப் போட்டுக் காட்டின மருமகனுக்கு முதல்ல ஒரு சலாம். ஹெச்பிஓங்கற அமெரிக்க டிவி சேனல்ல 2018 மார்ச்ல ஆரம்பிச்சு 2023 மே வரைக்கும் வந்தது, நாலு சீசன். பேரி ஆப்கானிஸ்தான் போன முன்னாள் மரைன், அதாவது அமெரிக்க ராணுவ வீரன், இப்ப காசு வாங்கிட்டு ஆளப் போட்டுத்தள்றவன். ஒரு வேலையா லாஸ் ஏஞ்சலஸ் வர்றான், கொல்ல வேண்டிய ஆள் பின்னாடியே போனா அது ஒரு ஆக்டிங் க்ளாஸ், உள்ள எல்லாரும் அழறாங்க சிரிக்கறாங்க கைதட்றாங்க, அதப் பாத்ததும் இவனுக்கும் நடிகனாகணும்னு ஆசை வந்துடுது. கொலை கண்ண மூடிட்டு வரும், ரெண்டு வரி டயலாக் பேசச் சொன்னா கட்டை மாதிரி நிப்பான். காமெடி அங்கதான். போகப் போக அதுவும் குறையும், நாலாவது சீசன்லல்லாம் சிரிப்பு வந்தாலே கொஞ்சம் கூச்சமா இருக்கும்.

அவன் எத்தன பேர கொன்னாலும் மாட்டிக்கக் கூடாதுன்னு மனசு அடிச்சுக்குது. எனக்கு ஏதாச்சும் கோளாறா சார்?
- கல்லூரி மாணவி, நெல்லை

ஒரு கோளாறும் இல்லம்மா, அப்படி அடிச்சுக்கணும்னுதான் எழுதியிருக்காங்க. பேரிய நமக்கு எப்படி காட்றாங்கன்னு பாருங்க. தனியா இருக்கறவன், முகத்துல எப்பவும் ஒரு சோர்வு, போர்லேர்ந்து திரும்பி சுருண்டு கிடந்தவன ஃப்யூக்ஸ்னு ஒரு குடும்ப நண்பர் "உனக்கு இதுதான் நல்லா வரும்"ங்கற கணக்குல கொலைத் தொழில்ல இறக்கி விட்டு கமிஷன் அடிக்கறாரு. ஆரம்பத்துல சாகறவங்களும் பெரும்பாலும் ரவுடிப் பசங்க. அதனால நாம நிம்மதியா அவன் பக்கம் உக்காந்துடறோம். பேரியா நடிச்ச பில் ஹேடரும் அதுக்கு முன்னாடி எஸ்என்எல்ங்கற அமெரிக்க டிவி காமெடி ஷோல 2005லேர்ந்து 2013 வரைக்கும் மிமிக்ரி பண்ணி சிரிக்க வச்சவரு, அந்த முகத்த யாருக்குத்தான் வெறுக்கத் தோணும்?

அப்புறம் முதல் சீசன் ஏழாவது எபிசோட் வருது. கிறிஸ், கூட ராணுவத்துல இருந்தவன், பொண்டாட்டி புள்ளன்னு ஒழுங்கா வாழறவன், வேற ஒருத்தன் பேச்சக் கேட்டு பேரியோட சேந்து ஒரு ரவுடி சண்டையில போய் மாட்டிக்கிட்டு ஒருத்தன சுட்டுட்டான். கார்ல உக்காந்து அழறான், போலீஸ்ல சொல்லிடலாம்டாங்கறான். பேரி அவன அங்கயே சுட்டுட்டு தற்கொலை மாதிரி செட் பண்ணிட்டு, நேரா நாடக மேடைக்கு வர்றான். நாடகம் ஷேக்ஸ்பியரோட மேக்பெத், இவனுக்கு மொத்தமே ஒரு வரி, ராணி செத்துட்டாங்கன்னு ராஜாகிட்ட வந்து சொல்லணும். ரிகர்சல்ல உருப்படியா வராத அந்த வரி அன்னிக்கு அழுகையோட வருது, எதிர்ல ராஜா வேஷத்துல நிக்கற சாலியும், அதே க்ளாஸ்ல படிக்கற பேரியோட காதலி, அதக் கேட்டு தன் வாழ்க்கையிலேயே அப்படி நடிச்சதில்லன்ற மாதிரி நடிக்கறா. கிறிஸ் செத்ததுக்கு கைதட்டல் கிடைக்குது, நாமளும் "அட, பையனுக்கு நடிப்பு வந்துடுச்சு"ன்னு ஒரு செகண்ட் சந்தோஷப்படறோம் பாருங்க, அங்கதான் நம்மள பிடிக்கறாங்க. பாவம்னு நெனைக்கறது தப்பே இல்ல. ஆனா கிறிஸ் பொண்டாட்டி பாவமில்லையான்னும் சேத்து கேக்க வைக்குது, அதுக்கு அப்புறமும் பேரி மேல உங்களுக்கு பரிதாபம் மிச்சம் இருந்தா இருக்கட்டுமே.

எனக்கு பேரி ஓகே, ஆனா அந்த சாலிய சுத்தமா பிடிக்கல. எப்பப் பாரு நான் நான் நான்னு. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் இதே அபிப்ராயம்.
- ஒரு வாசகர், கோவை

உங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல மட்டும் இல்ல தம்பி, எனக்கு வந்த கடிதங்கள்ல பாதி இதுதான், அதான் தலைப்புலயே கேட்டுட்டேன். சாலி பண்ணின தப்புன்னு லிஸ்ட் போடுங்க பாப்போம். அடுத்தவங்க பேசறத காதுல வாங்க மாட்டா, பொறாமை, தன்கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்த பொண்ணுக்கு சொந்தமா ஷோ கிடைச்சதும் லிஃப்ட்ல நின்னு காட்டுக் கத்தல். பேரியோட லிஸ்ட்ல இருக்கறது டஜன் கணக்குல பொணம். அப்புறம் எப்படி அவன் ஓகே, இவ ஓகே இல்ல?

நான் நெனைக்கறது என்னன்னா, கூலிக்கொலைகாரன் யாரும் நமக்கு பக்கத்து சீட்ல உக்காரல. அவன் செய்யறது நமக்கு கதை, மன்னிக்கறதுல நமக்கு நஷ்டம் எதுவும் இல்ல. சாலிய நமக்குத் தெரியும். ஆபீஸ்ல இருக்கா, சொந்தத்துல இருக்கா, நல்லா உத்துப் பாத்தா நாமளே சில நாள் அப்படித்தான் இருக்கோம்.

இன்னும் ஒண்ணு. சாலி அடிக்கற புருஷன்கிட்டேர்ந்து தப்பிச்சு வந்தவ. ரெண்டாவது சீசன்ல அத நாடகமா போடறா. நிஜத்துல அவன எதிர்த்து ஒரு வார்த்த பேசாம ராத்திரியோட ராத்திரியா நழுவி வந்தவ, அத உள்ளது உள்ளபடி நடிக்கணும்னுதான் எழுதறா, மேடை ஏறினதும் புருஷன நேருக்கு நேரா வெளுத்து வாங்கின மாதிரி மாத்திடறா. ஒரே கைதட்டல். அந்த கைதட்டல் நடுவுல சாலியா நடிச்ச சாரா கோல்ட்பெர்க் முகத்த பாருங்க, ஜெயிச்ச முகமா அது? இத ஒரு தடவ பாத்துட்டு அப்புறமும் பிடிக்கலன்னா சரி, விட்டுடறேன், ஆனா பேரிக்கு குடுத்த டைம்ல கால்வாசியாவது இவளுக்கு குடுங்க.

ஆக்டிங் வாத்தியார் ஜீன் கூசினோ நல்லவரா கெட்டவரா?
- ஒரு வாசகி, மதுரை

அல்பம். அதே சமயம் பாசக்காரர். காதலிச்ச பொண்ணு போலீஸ் டிடெக்டிவ் ஜேனிஸ், அவங்கள கொன்னது தன் செல்ல மாணவன் பேரிதான்னு தெரிஞ்சு நொறுங்கிப் போறது உண்மை. அந்தக் கதைய வச்சு ஒரு ரிப்போர்ட்டர் முன்னாடி தனி ஆள் நாடகம் போட்டு வெளுத்துக் கட்றதும் உண்மை, வாயத் திறக்காதீங்கன்னு சொல்லி வச்சும்! கடைசியில வருஷக்கணக்குல ஒளிஞ்சிருந்துட்டு திரும்பி வந்து ஜேனிஸ் சாவ சினிமா ஆக்கக் கூடாதுன்னு தர்மம் பேசறாரு, ஒரு பெரிய நடிகர் உங்க வேஷத்துல நடிக்க ஆசைப்படறாருன்னு ஒரு வார்த்த விழுந்ததும் தர்மம் காத்துல போயிடுது. ஜீனா நடிச்ச ஹென்றி விங்க்ளருக்கு 1970கள்லயே பெரிய பேரு, ஆனா முதல் ப்ரைம்டைம் எம்மி, அமெரிக்க டிவியோட பெரிய விருது, கைக்கு வந்தது 2018ல இந்த வேஷத்துக்குத்தான், 70 வயசத் தாண்டினப்புறம். குடுக்காம விட்டிருந்தா நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

ஹேங்க் மாதிரி ஒரு ஸ்வீட்டான ரவுடி உண்டா?
- ஒரு வாசகி, சேலம்

ஸ்வீட்டுதான், யாரு இல்லன்னா. ரஷ்யாவோட செச்சன்யாவச் சேந்த ரவுடி கேங்ல இருந்துட்டு எல்லார்கிட்டயும் ஒட்டிக்கிட்டு பேசுவான். ஆனா கடைசி சீசன்ல அவன் உயிரா நெனைச்ச காதலன் கிறிஸ்டோபல் சாக அவனேதான் காரணம், அப்புறம் அதே கிறிஸ்டோபலுக்கு சிலை வச்சு கம்பெனி நடத்தறான். இங்க மட்டும் எனக்கு பரிதாபமும் கோவமும் ஒரே நேரத்துல வந்துது, ரெண்டுல எது ஜாஸ்தின்னு கேக்காதீங்க.

முடிவு அநியாயம் சார்! ஜீன் ஜெயில்ல, பேரிக்கு சினிமால ஹீரோ பட்டமா?
- ஒரு வாசகர், ஈரோடு

அநியாயம்தான், வேணும்னே பண்ணின அநியாயம். சீரியலுக்குள்ள எடுக்கற சினிமால பேரி அப்பாவி வீரன், ஜீன் வில்லன். நாம நாலு சீசனா "பாவம் பேரி"ன்னு உள்ளுக்குள்ள ஓட்டின படமும் கிட்டத்தட்ட இதுதானே? அத இன்னும் கொஞ்சம் மட்டமா எடுத்து நமக்கே திருப்பி போட்டுக் காட்டிட்டாங்க, எனக்கென்னவோ ரொம்பப் பிடிச்சுது.

மொத்தமும் பாக்க டைம் இல்ல, ஒரே ஒரு எபிசோட் சொல்லுங்க.
- ஒரு வாசகர், சென்னை

ரெண்டாவது சீசன், அஞ்சாவது எபிசோட். கொல்லாம பேசி அனுப்பிடலாம்னு பேரி ஒரு வீட்டுக்குப் போறான், அந்த ஆளு டேக்வாண்டோ சாம்பியன், அப்புறம் அவனோட குட்டிப் பொண்ணு வீட்டுக்கு வருது. மிச்சத்த நான் சொல்ல மாட்டேன். மொத்தமே 32 எபிசோடுதான், ஒவ்வொண்ணும் அரை மணி நேரம் வரும், அதப் பாத்துட்டு நீங்களே முதல்லேர்ந்து ஆரம்பிப்பீங்க.