பாஸ் அடிக்கும்போது கார் ஹெட்லைட் ஏன் மங்குகிறது?

காரில் பெரிய ஆம்ப்ளிஃபையர் மாட்டியபின், பாட்டில் பாஸ் (கனத்த அடித்தொனி) அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குவது ஏன்? அந்த நொடியில் ஆம்ப் கேட்கும் மின்சாரத்தை வண்டியால் கொடுக்க முடியாததால், வோல்ட்டேஜ் இறங்குகிறது.

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது ஆல்டர்னேட்டர். 1000 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) ஆம்ப் 80 சதவீதத் திறனுடன் வேலை செய்தால் 1250 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 90 ஆம்பியர். பல சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகவே அவ்வளவுதான் தரும். அதில் ஏசியும் விளக்கும் பங்கு கேட்கும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது இன்னும் குறைவு. பாட்டு எப்போதும் உச்சத்தில் ஓடாது என்பதால்தான் சமாளிக்கிறது.

வீட்டு மோட்டாரை நினையுங்கள். மோட்டார் ஏற்றுவதைவிட வேகமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் மாடித் தொட்டி காலியாகும். இங்கே ஆல்டர்னேட்டர் மோட்டார், பேட்டரி தொட்டி, ஒயர் குழாய். குழாய் ஒல்லியானால் தொட்டி நிறைந்திருந்தும் பயனில்லை.

அதனால் முதலில் ஒயரைக் கவனியுங்கள். தடிமனான சுத்தச் செம்பு ஒயர், வண்டியின் பாடியில் பெயிண்ட்டைச் சுரண்டி இறுக்கிய எர்த் இணைப்பு. பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் கட்டாயம். அது இல்லாமல் ஒயர் எங்காவது பாடியில் உரசினால் வண்டி தீப்பிடிக்கலாம். பிறகும் மங்கினால் ஆல்டர்னேட்டரையே பெரிதாக்க வேண்டும்.

“கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது சேமித்துச் சட்டென்று தரும் பாகம்) மாட்டினால் போதும்” என்பது தவறு: 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்குவதற்குள் 1 ஃபாரட் கெபாசிட்டர் தருவது 26 ஜூல், 1250 வாட்டுக்கு அது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான் தாங்கும்.