அக்ரிலிக்கில் எவ்வளவு தண்ணீர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல ஆண்டுகள் நீர்வண்ணத்தில் மட்டும் வரைந்துவந்த நான், ஆறு மாதங்களுக்கு முன் அக்ரிலிக்குக்கு மாறினேன். பழக்கத்தை விட முடியாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய கேன்வாஸில் மெல்லிய அடுக்குகளாகத் தீட்டுகிறேன். மூன்றாவது அடுக்கைப் பூசும்போது கீழே உள்ள நிறம் தூரிகையோடு கிளம்பி வந்துவிடுகிறது. காய்ந்த பிறகும் ஈரத்துணியால் துடைத்தால் துணியில் நிறம் ஒட்டுகிறது. கலக்கும்போது கண்ட நிறம் காய்ந்தபின் கறுத்தும் விடுகிறது. பாதிக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்கிறார்கள் சிலர். எவ்வளவு சேர்த்தாலும் கெடாது என்கிறார்கள் வேறு சிலர். மீடியம் என்று தனியாக விற்பதை வாங்கத்தான் வேண்டுமா, வெள்ளைப் பசையைக் கலந்தால் போதாதா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருப்பவை பெரும்பாலும் ஒரே கேள்விதான். வண்ணம் என்பது நிறமியும் அதைப் பிடித்துவைக்கும் பிசினும் சேர்ந்தது. தண்ணீர் அவற்றைச் சுமந்து வந்து இறக்கிவிட்டு ஆவியாகிப் போய்விடுகிறது. நீர்வண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் உள்ள வேறுபாடு, தண்ணீர் போன பிறகு அந்தப் பிசின் என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது.

நீர்வண்ணத்தில் இருப்பது வேலமரப் பிசின். அது காய்ந்தாலும் மீண்டும் நீர் பட்டால் கரையும். அதனால்தான் பெட்டியில் உலர்ந்து கிடக்கும் வில்லைகளை ஈரத் தூரிகையால் எழுப்ப முடிகிறது. இவ்வளவு பலவீனமான பிசினை வைத்துக்கொண்டு நீர்வண்ணம் நிலைப்பதற்குக் காரணம், நிறமித் துகள்கள் தாளின் இழைகளுக்குள் இறங்கி அமர்ந்துவிடுவதுதான். பாதி வேலையைத் தாள் செய்துவிடுவதால், ஒரு துளி வண்ணத்தை ஒரு கிண்ணம் நீரில் கரைத்தாலும் அங்கே பெரிய கேடு வருவதில்லை.

1950களில் ஓவியர்களின் கைக்கு வந்த நீர்சார் அக்ரிலிக்கின் கதை வேறு. அதில் பிசின் நீரில் கரைந்திருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாலிமர் உருண்டைகளாக நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. நீர் ஆவியாக ஆக அந்த உருண்டைகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, இறுதியில் ஒரே படலமாக இணைகின்றன. அப்படி இணைந்த படலத்தைத் தண்ணீரால் மீண்டும் கரைக்க முடியாது. நீங்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்க்கும்போது நிறமியோடு பிசினும் சேர்ந்தே விரவிப்போவதால், உருண்டைகள் தொடர்ச்சியான படலமாகக் கூடும் அளவுக்கு அடர்த்தி இல்லாமல், நிறமி வெறும் தூசி போல மேலே தங்கிவிடுகிறது. உங்கள் துணியில் ஒட்டுவது அந்தத் தூசிதான்.

ஆனால் பாதிக்கு மேல் கூடாது என்பதைச் சட்டமாகக் கொள்ள வேண்டாம். எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பது, வண்ணம் எதன்மேல் விழுகிறது என்பதையும் அந்த வண்ணத்தில் பிசின் எவ்வளவு என்பதையும் பொறுத்தது. அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952இல் ‘மவுண்டன்ஸ் அண்ட் ஸீ’ ஓவியத்தைத் தீட்டியபோது டர்பென்டைனில் நன்றாக இளக்கிய எண்ணெய் வண்ணத்தைப் பூச்சு ஏதுமில்லாத கேன்வாஸில் ஊறவிட்டார். 1960களில் அவர் அக்ரிலிக்குக்கு மாறினார். ஊறுகிற பரப்பில் நீர்த்த வண்ணத்தை இழைகள் பிடித்துக்கொள்கின்றன. நீர்வண்ணத் தாளிலும் பூசாத துணியிலும் அக்ரிலிக்கை நீங்கள் தாராளமாக இளக்கலாம். உறிஞ்சும் தன்மையுள்ள ஜெஸ்ஸோவும் ஓரளவு தாங்கும். வழவழப்பாகப் பூசிய பரப்போ, ஏற்கெனவே காய்ந்த அக்ரிலிக் அடுக்கோ தாங்காது. உங்கள் முதல் அடுக்கு ஜெஸ்ஸோவில் ஒட்டியிருக்கும். தொல்லை இரண்டாவதிலிருந்து தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொரு காரணத்தையும் சந்தேகிக்கிறேன். அக்ரிலிக் சில நிமிடங்களில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடுகிறது, ஆனால் உள்ளே முழுமையாக இறுகுவதற்கு நாட்களும் தடித்த பூச்சானால் வாரங்களும் ஆகும். நீர்வண்ணக்காரர்களின் கை இரண்டாம் அடுக்கை ஈரத்தோடு தேய்த்துப் பழகியது. அந்தத் தேய்ப்பு, பாதி இணைந்த படலத்தைக் கிளப்பிவிடும்.

மீடியம் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு இப்போது விடை எளிது. அது பெரும்பாலும் நிறமி சேராத அதே பிசின். அதைக் கொண்டு இளக்கினால் நிறம் மெலியும், படலம் மெலியாது. கண்ணாடி போன்ற அடுக்குகளை விரும்பும் உங்களுக்கு அதுதான் தேவை. முதலில் வண்ணத்தையும் மீடியத்தையும் கத்தியால் நன்றாகக் கலந்து, பிறகு ஓட்டத்துக்காகச் சில துளி நீர் சேர்க்க வேண்டும். தூரிகையைக் கழுவிவிட்டு உதறாமல் எடுப்பவர்கள் கணக்கில் வராத தண்ணீரைத்தான் அதிகம் சேர்க்கிறார்கள். ஒரு பழந்துணியை இடக்கையில் வைத்திருங்கள். பளபளப்பான மீடியமே தெளிவாக இருக்கும். மேட் மீடியத்தில் பளபளப்பைக் குறைக்கும் துகள்கள் இருப்பதால், பல அடுக்குகள் சேரும்போது ஆழ்ந்த நிறங்களின் மேல் மங்கலான புகைபோலப் படியும். மேட்தான் பிடிக்கும் என்றால், பளபளப்பில் வரைந்துவிட்டுக் கடைசியில் மேட் வார்னிஷ் பூசுவதே நல்லது.

வெள்ளைப் பசை வேண்டாம். பள்ளிப்பசை காய்ந்த பிறகும் நீர் பட்டால் இளகும். ஓவியம் காலத்தைத் தாங்க வேண்டும் என்று எண்ணி அதை யாரும் தயாரிப்பதில்லை. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரிலும் கவனம் தேவை. அதில் பிசின் கிடையாது, அளவு மீறினால் படலம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஒருமுறை அவசரத்தில் தாராளமாக ஊற்றி, மூன்று மாதம் கழித்து அந்த ஓவியத்தின்மேல் மூடியிருந்த தாளை உரித்தபோது பாதி வானம் தாளோடு போனது எனக்கு.

கறுப்பதைப் பற்றி. நீரில் மிதக்கும் பாலிமர் பால்போல் வெண்மையாக இருப்பதால் ஈரத்தில் நிறம் வெளிறித் தெரிகிறது. காய்ந்து தெளிவானதும் உண்மையான ஆழம் வெளிப்படுகிறது. நீர்வண்ணம் இதற்கு நேர்மாறு, காய்ந்தால் வெளிறும். அந்தப் பழக்கத்தில் நீங்கள் வேண்டியதைவிடச் சற்று ஆழமாகக் கலக்கிறீர்கள், அதன்மேல் அக்ரிலிக்கும் தன் பங்குக்கு ஆழமாகிறது. கலந்த வண்ணத்தைத் துண்டுத் தாளில் தடவி உலரவிட்டுப் பார்த்துவிட்டுத் தீட்டுங்கள். வலிமையான நிறங்களை, குறிப்பாகப் பிபி15 (PB15) என்ற நிறமிக் குறியீடு குழாயில் அச்சிட்டிருக்கும் தேலோ நீலத்தை, மஞ்சளோடு சேர்க்கும்போது மஞ்சளை முதலில் எடுத்துவைத்து நீலத்தை ஊசிமுனையளவு சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் மஞ்சள் குழாய் முழுவதும் காலியாகும், பச்சை வந்திருக்காது.

ஏற்கெனவே தீட்டி முடித்தவற்றைத் தூரிகையால் வார்னிஷ் செய்ய முயலாதீர்கள், நிறம் இழுபடும். நீர் சேராத ஸ்ப்ரே வார்னிஷை, காற்றோட்டமான இடத்தில், ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, மிக மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்ததாக அடியுங்கள். அதுவரை அந்த ஓவியங்களை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்.